கிணறும் சேர்ந்து பாடிய தட்டு

மச்சாள்,

மழை இருட்டிக்கொண்டு வந்ததும் வெள்ளைப் பேசின் சட்டியை முற்றத்தில் கொண்டுபோய் வைத்தேன். வைத்த கையோடு உங்கள் நினைவு வந்துவிட்டது. "முதல் மழையைப் போக விடுங்கோ, காத்தில கிடக்கிற உப்பைக் கழுவட்டும்" என்பீர்கள். அடுத்த மழையைத்தான் வடித்துப் போத்தலில் அடைப்பீர்கள். குடிக்க அல்ல, இசைத்தட்டுக் கழுவ!

துறைமுகக் காற்று எங்கள் வீட்டுப் பூட்டையே தின்றது. உங்கள் தட்டுகளை மட்டும் அதனால் தொட முடியவில்லை. தட்டுப் பாடும் ஊசியைப் பின்னாலிருந்து முன்னுக்குத்தான் துலக்குவீர்கள், மாறித் துலக்கினால் அதன் தண்டு வளைந்துவிடும் என்று. "பச்சைப்பிள்ளைக்குப் பல்லு விளக்கிறா" என்று அண்ணன் சீண்டுவார். வந்தவர்கள் தட்டைத் தடவிப் பார்க்கக் கை நீட்டினால், அந்தக் கையில் ஒரு வடையை வைத்துவிடுவீர்கள். அந்தச் சாமர்த்தியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

கலியாணமான புதிதில் உங்களை மகிழ்விக்க நினைத்து அண்ணன் செய்த வேலை நினைவிருக்கிறதா? உங்களுக்கு மிகவும் பிடித்த தட்டைக் கிணற்றடியில் வைத்துக் கழுவினார். எங்கள் கிணறோ உவர். காய்ந்ததும் தட்டின் வரிப்பள்ளங்களுக்குள் வெள்ளையாய் உப்புப் படிந்தது. போட்டுக் கேட்டால் பாட்டு முழுக்கச் சரசரப்பு. அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நீங்கள் சிரித்தீர்கள். "பரவாயில்லையப்பா, எங்கட கிணறும் சேந்து பாடட்டுமன்." அந்த மனசு யாருக்கு வரும், மச்சாள்?

நீங்கள் கண்மூடிப் போனபிறகு அவர் தட்டுப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. நேற்று அவராகவே வந்து அந்தத் தட்டை நீட்டினார்.

"இதைக் கழுவித் தாறியோ? அவவுக்குத்தான் கேக்க ஏலாமப் போச்சு. நானாவது ஒருக்காச் சுத்தமாக் கேக்கவேணும். நான் செய்த பிழையெல்லோ."

நீங்கள் அடைத்து வைத்ததில் ஒரு போத்தல்தான் மிச்சம் இருந்தது. மனமில்லாமல்தான் திறந்தேன். நடுவிலுள்ள தாள் நனையாமல், வரி போகும் பக்கமாகவே மெல்லிய துணியால் துடைத்தேன். ஊறவிட்டு மறுபடி துடைத்து நிழலில் நிறுத்தினேன். ஊசியையும் துலக்கினேன், பின்னாலிருந்து முன்னுக்கு.

பாட்டு தெளிவாக வந்தது. அண்ணனின் முகம்தான் தெளியவில்லை. எதையோ தேடுகிறவர்போல் காதைச் சாய்த்துக்கொண்டு இருந்தார். கடைசி அடியில், ஒரே ஓர் இடத்தில், சரசரவென்றது.

"அந்தச் சத்தம் இன்னும் நிக்குது!" என்றார். கண் நிறைந்திருந்தது.

"இன்னொருக்காக் கழுவட்டோ?"

"வேண்டாம். அது அவ என்னை மன்னிச்ச இடம்."

இப்போது மழை பிடித்துவிட்டது. பேசின் நிறையத் தொடங்கியதும் அண்ணன் வாசலில் வந்து நின்று கேட்கிறார்:

"இது முதல் மழையெல்லே? ஊத்திவிடு. அவ இதை எடுக்கமாட்டா."