சங்கத் தண்ணீரில் வேகாத பருப்பு

8 பிப்ரவரி 1971

இன்றும் பருப்பு வேகவில்லை. விடிந்ததும் ஏற்றிய உலை. மாமா பட்டறையிலிருந்து சாப்பிட வந்து உட்கார்ந்தபோதும் பருப்பு பருப்பாகவே இருந்தது. தட்டில் போட்டால் சத்தம் கேட்கிறது. அத்தை ஒன்றை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை.

"சிங்கம்புணரியில என்னத்தத்தா சொல்லிக் குடுத்தாக ஒனக்கு?"

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் நான் வைக்கும் பருப்பைக் கடையவே வேண்டாம், கரண்டி பட்டாலே கரையும். அதை இங்கே யாரிடம் போய்ச் சொல்ல?

இந்த டைரி இவருக்குப் புதுவயல் ரைஸ்மில்லில் கொடுத்தது. அங்கே இவர் கதவு வேலை பார்க்கிறார். "பொழுதுபோக எதையாச்சும் எழுதேன்" என்றார். பொழுதெல்லாம் அடுப்படியிலேயே போகிறது.

11 பிப்ரவரி

எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். ஆனால் வாயைத் திறக்க முடியாது. குழாய் மாமா கொண்டுவந்தது.

காரைக்குடித் தண்ணீர் என்றால் ஊரெல்லாம் பெருமை, சம்பை ஊற்றுத் தண்ணீர். பக்கத்துத் தெருவரைக்கும் அதுதான் வருகிறது. எங்கள் தெரு புதிது, நகராட்சிக் குழாய் இன்னும் போடவில்லை. எங்கள் மாமா, தச்சு ஆசாரி ஆண்டியப்பன், சும்மா இருப்பாரா? தெரு முன்னேற்றச் சங்கம் ஆரம்பித்து, தாமே தலைவராகி, போர் போட்டு, தொட்டி கட்டி, வீட்டுக்கு வீடு குழாய் இழுத்துவிட்டார். இனிமேல் கிணறு எதற்கு என்று தெருவே சேர்ந்து கிணறுகளைத் தூர்த்துவிட்டது. எங்கள் கிணற்றின் மேல்தான் இப்போது பட்டறைக் கொட்டகை. மனையடி சாஸ்திரப்படி அந்த மூலையில் கிணறு ஆகாதாம். அந்த மூலையில் அதை வெட்டியவரும் மாமாதான்.

இதில் என் தலையெழுத்து என்னவென்றால், குழாயும் நானும் ஒரே வாரத்தில் இந்த வீட்டுக்கு வந்தோம். இரண்டு பேருக்கும் மாலை போட்டார்கள். பருப்பு வேகவில்லை என்றதும் பழி மட்டும் ஒருத்திக்கு.

எதிர்வீட்டிலும் வேகவில்லை. எனக்குத் தெரியும். அது சங்கப் பொருளாளர் வீடு, வெளியே சொல்ல மாட்டார்கள். தெருவே ரசம் சாப்பிடுகிறது.

13 பிப்ரவரி

சோப்பு நுரைக்கவில்லை. தலைமுடி தேங்காய் நாராகிவிட்டது. குடத்துக்குள் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது. மாமா அதைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"பூராம் சுண்ணாம்புச் சத்து. காசு குடுத்தாலும் கெடைக்காது."

இவர் தலை மட்டும் எப்படிப் பளபளவென்று இருக்கிறது? கேட்டேன். மில்லிலேயே குளித்துவிட்டு வருகிறாராம்! எனக்கு வந்த கோபத்துக்கு — "உங்க அப்பாட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். "சங்கத் தலைவர்ட்ட நான் எப்படிச் சொல்றது?" என்கிறார். பெற்ற அப்பா! இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டேன்.

17 பிப்ரவரி

அத்தையே அடுப்பில் உட்கார்ந்தார். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டார். கொட்டாங்குச்சித் துண்டு போட்டார். வேகவில்லை. நான் பக்கத்தில் நின்றதுதான் காரணமாம். என்னைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டு மறுபடி வைத்தார். கொல்லையில் நின்று அடுப்படியையே நினைத்துக்கொண்டிருந்தேனாம். அதனால் அதுவும் வேகவில்லை.

2 மார்ச்

என் மேல் ஏதோ ஏறியிருக்கிறது என்று நெற்குப்பையிலிருந்து கோடாங்கி இருளாண்டியை வரவழைத்தார் அத்தை. வெயிலில் வந்த மனுஷன், உடுக்கையை எடுக்குமுன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பு நிறையக் குழாய்த் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் கோணிக்கொண்டது. எழுந்து போய் வாசலில் துப்பிவிட்டு வந்தார்.

"புள்ள மேல ஒண்ணுமில்ல தாயி. இருக்கிறதெல்லாம் அந்தக் குழாய்க்குள்ள இருக்கு."

அவர் காலில் விழுந்திருப்பேன். ஆனால் அத்தைக்கு அது வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. தூர்த்த கிணற்றில் குடியிருந்த பேய் குழாய்க்குள் ஏறிவிட்டதாம். பொழுது சாய்வதற்குள் தெருவெல்லாம் இதே பேச்சு.

3 மார்ச்

எல்லா வீட்டுக் குழாயிலும் வேப்பிலை. தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது.

7 மார்ச்

பட்டறையில் சங்கத்தின் அவசரக் கூட்டம். எதிரிகள் கிளப்பிவிட்ட வதந்தி என்று மாமா ஆவேசமாகப் பேசினார். சங்கக் குழாயில் பேய், பிசாசு, காத்துக் கருப்பு எதுவும் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கைதட்டினார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொரு டம்ளரிலும் பால் திரிந்து மிதந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் எல்லாரும் குடித்து முடித்தார்கள்.

குழாயில் பேய் இல்லை என்று ஆகிவிட்டதல்லவா, பழி திரும்பவும் என்னிடமே வந்துவிட்டது.

9 மார்ச்

"மூணு மாசம் ஆத்தா வீட்டுல இருந்து அடுப்பு வேலை படிச்சிட்டு வா" என்றார் அத்தை. நானே கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார்.

ஐயோ. என் தங்கச்சி ராமுத்தாய்க்கு இப்பதானே மாப்பிள்ளை பேசியிருக்காக. மாப்பிள்ளையோட பெரியம்மா பொன்னுத்தாயி இங்க பக்கத்துத் தெருவுலதான் இருக்கு. ஏற்கெனவே காதைத் தீட்டிக்கிட்டுத் திரியுது. மூத்தவ பருப்பு வேக வைக்கத் தெரியாம திரும்பி வந்துட்டான்னா எளையவள யாரு எடுப்பா? எம் பேரு போனா போகட்டும். அவ என்ன பண்ணுனா?

இவர் துண்டை எடுத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார். தலை மட்டும் பளபளக்கிறது.

14 மார்ச், சிங்கம்புணரி

அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டில் "பங்குனி போகட்டும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்களாம். பொன்னுத்தாயி அதற்குள் சொல்லியனுப்பிவிட்டது. ராமுத்தாய் என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். அதுதான் தாங்கவில்லை.

மத்தியானம் அத்தை கண்ணெதிரே பருப்பு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெண்ணெயாக வெந்தது. அத்தை அசந்துபோய்ப் பார்த்தார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்:

"அப்ப எங்க வீட்டுல வேணும்னேதான வேக வைக்காம இருந்த?"

சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா?

16 மார்ச்

அத்தை இன்றைக்குக் கிணற்றடியில் தலைக்குக் குளித்தார். சோப்பு நுரைத்ததைப் பார்த்துப் பயந்து என்னைக் கூப்பிட்டார். முடியைத் தடவித் தடவிப் பார்த்தார். சாயங்காலம் தாமே பருப்பு வைத்தார். வெந்தது.

18 மார்ச்

"கெளம்பு நாகு, வீட்டுக்குப் போவோம்" என்றார் அத்தை. இரண்டு குடம் நிறையக் கிணற்றுத் தண்ணீர், வாயில் துணி கட்டி, பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் லக்கேஜ் போட்டார். "காரைக்குடிக்குத் தண்ணியா கொண்டு போறீக?" என்று அவர் கேட்டதும் பஸ்ஸே சிரித்தது. அத்தை முன் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

20 மார்ச்

இரண்டு சட்டி, ஒரே பருப்பு. ஒன்றில் சங்கத் தண்ணீர், ஒன்றில் எங்கள் ஊர்த் தண்ணீர். அத்தை இரண்டையும் பார்த்துக்கொண்டே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வெந்ததை மாமாவுக்குப் போட்டோம். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிய கையோடு தெருவில் இறங்கி, "போர் தெளிஞ்சிருச்சு! நம்ம தண்ணி தெளிஞ்சிருச்சு!" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். இன்று தெருவெல்லாம் பருப்பு ஏற்றியிருக்கிறார்கள். பாவம்.

24 மார்ச்

சிங்கம்புணரித் தண்ணீர் தீர்ந்தது. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, ரசம் கேட்டார்.

27 மார்ச்

விடிந்தும் விடியாமலும் அத்தை எழுப்பினார். "குடத்த எடு. மாமா கேட்டா கோயிலுக்குன்னு சொல்லு." மாமா பாய் காலியாக இருந்தது. பட்டறையில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துத் தெரு நகராட்சிக் குழாய்க்குப் போனோம்.

நல்ல கூட்டம். அதில் பொன்னுத்தாயியும் நின்றது. என்னைப் பார்த்ததும் சத்தமாகக் கேட்டது: "என்னத்தா, ஆத்தா வீட்டுல பருப்பு வேக வைக்கப் படிச்சிட்டு வந்துட்டியாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அத்தை குடத்தைத் தரையில் வைத்தார். "அவளுக்கு என்னத்துக்குப் படிப்பு? அவ கை வச்சா வெண்ணெயா வேகும். அவ வீட்டுலயே தின்னு பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். எங்க வீட்டுக்காரர் தோண்டுன தண்ணி சரியில்ல. அதுக்கு இந்தப் புள்ளயப் போட்டு வதைச்சது நானு. இதையும் ஒங்க மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியனுப்புங்க."

வரிசையின் முன்னால், தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, குடத்தோடு நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். மாமா.

மாமா எங்களைப் பார்த்தார். பொன்னுத்தாயியைப் பார்த்தார்.

"ஆமா பொன்னுத்தாயி. தண்ணிதான்" என்றார்.

முக்காட்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் குடத்தைக் கையை நீட்டி வாங்கினார்.