எண்ணை நிறுத்தி வைக்கும் மீட்டர்

மார்ச் 3, திங்கள்
இன்றும் என் வேலை கெட்டது. கோழிப்பண்ணையில் ஃபேனுக்குக் கரண்ட் போகும் பெட்டி பழுது என்று யார் கூப்பிட்டாலும் வளவன் பின்னாடியே நானும் போக வேண்டும். பெட்டி சந்துக்குள் இருக்கும். அவருக்கு இரண்டு கையிலும் கரண்ட் பார்க்கும் மீட்டரின் கம்பி. எண்ணைப் படித்துச் சொல்ல ஒரு பெண்டாட்டி. வீட்டில் நான் சரிசெய்ய வேண்டிய போர்டுகள் பதினொன்று மேஜையில் கிடக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தது இதற்குத்தானா?

மார்ச் 7
சேலத்துக் கடையில் மூன்று மீட்டர் பார்த்தேன். ஒன்று செங்கல் கனம். இன்னொன்றின் கம்பி இப்போதே பிய்ந்துவிடும்போல் இருந்தது. மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கும். கம்பியில் ஒன்றுக்குக் கவ்வி, அதனால் ஒரு கை மிச்சம். ஹோல்டு பொத்தானும் உண்டு: அழுத்தினால் எண் அப்படியே நிற்கும், வெளியே எடுத்து நிதானமாகப் படிக்கலாம். அதையே வாங்கினேன்.
வளவன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இனி நீ வரமாட்டியாக்கும்?"
"அதான் மீட்டர் வருதுல்லங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

மார்ச் 19
பன்னிரண்டு நாளாக என்னைக் கூப்பிடவே இல்லை. மேஜை காலி. நல்ல மீட்டர்.

ஏப்ரல் 2
வளவன் போய்விட்டார்.

ஏப்ரல் 11
எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.
பண்ணை ஐந்து நிமிடத் தூரம். கரண்ட் அடித்துவிட்டது என்று போன் வந்து நான் ஓடியபோது அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீட்டர் தரையில் கிடந்தது, இன்னும் அணையவில்லை. பூஜ்ஜியம். மூலையில் கடுகளவு 'எச்' எழுத்து. ஹோல்டை எடுக்கவே இல்லை.
மெயினை அணைத்ததும் முதல் தடவை பார்த்திருக்கிறார். பூஜ்ஜியம். ஹோல்டை அழுத்தி, வெளியே எடுத்துப் படித்திருக்கிறார். அதற்குள், மெயின் போனதால் ஜெனரேட்டர் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. மறுபடியும் வைத்துப் பார்த்திருப்பார் — பாக்காம கை வைக்கிற ஆளா அவரு? அந்தச் சனியன் பழைய பூஜ்ஜியத்தையே காட்டியிருக்கிறது.
மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14
பண்ணை வேலையாள் அப்புசாமியைப் போலீஸ் பிடித்துப்போய்விட்டது. ஜெனரேட்டரை அணைக்காதது அவர் தப்பாம். "ஜெனரேட்டர் ஓடுதுங்கன்னு கத்துனனுங்க, ஜீரோதான் காட்டுதுன்னாருங்க" என்று அழுகிறாராம். ஒருத்தரும் நம்பவில்லை. கரண்ட் இருக்கும்போது மீட்டர் எப்படி ஜீரோ காட்டும் என்கிறார் பண்ணைக்காரர்.
எப்படிக் காட்டும் என்று எனக்குத் தெரியும். சொன்னா அடுத்த கேள்வி வருமே. அந்த மீட்டர யாரு வாங்கினது? எதுக்கு வாங்கினது?

ஏப்ரல் 15
இன்றும் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 16
ஸ்டேஷனுக்குப் போனேன். மாமியாரும் கூட வந்தார். இன்ஸ்பெக்டர் கண்ணெதிரே, அணைத்திருந்த பிளக் பாயிண்ட்டில் கம்பியை வைத்தேன். பூஜ்ஜியம். ஹோல்டை அழுத்திவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். அப்போதும் பூஜ்ஜியம். "அப்புசாமி சொன்னது நெசமுங்க" என்றேன்.
வெளியே வந்ததும் மாமியார் கேட்டார்: "நீ கூடப் போயிப் படிச்சுச் சொல்லியிருந்தீன்னா எம் பையன் இருந்திருப்பானே, சாமி?"
திட்டியிருந்தால் பரவாயில்லை. சாமி என்று கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 9
அதே பண்ணையில் அதே பெட்டி. வேறு ஆள் கிடைக்காமல் என்னையே கூப்பிட்டார்கள். ஹோல்டு இல்லாத பழைய மீட்டரோடு போனேன். அப்புசாமியைத் திரும்ப வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள்.
சந்துக்குள் நுழைந்தேன். இரண்டு கையிலும் கம்பி. கேட்காமலே அவர் வந்து மீட்டரைப் பிடித்துக்கொண்டார்.
"எரநூத்தி முப்பதுங்க."
போய் மெயினையும் ஜெனரேட்டரையும் அணைத்துவிட்டு வந்தார். மறுபடி வைத்தேன்.
"ஜீரோங்க."
எனக்குக் கை போகவில்லை. "இன்னொருக்காப் படிங்க" என்றேன்.
"ஜீரோதானுங்க அம்மிணி. நான் பாத்துட்டே நிக்கறனுங்க, நீங்க கை வைங்க."
வைத்தேன்.