கெளுத்தி முள் குத்திய கை

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அந்த எல்லோரில் அப்பாவையும் இப்போது சேர்த்துக்கொள்ளலாம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருங்கள்.

போன மாதம் நீ பேசியபோதெல்லாம் அப்பா குளத்தில் வேலையாக இருக்கிறார் என்றேன், அது பொய். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நம் மீன் பண்ணையின் மூன்றாம் குளத்துக் கெளுத்தி மீன்கள் வயிற்றில் சிவப்புப் புண்ணோடு மேலே வந்து தொங்க ஆரம்பித்தன. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதத்தில் ஒரு வாரம் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது தீவனக்கடைக்காரர் சொல்லி ஆறு வருஷப் பழக்கம், உனக்கே தெரியும். இந்தத் தடவை இரண்டு மடங்கு கலந்தும் நோய் கேட்கவில்லை. செத்த மீனை வாரும்போது ஒன்றின் முள் அப்பாவின் வலது கட்டைவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது, கழுவிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். மறுநாள் முழங்கை வரை வீக்கம், நெருப்பாய்க் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் முதல் மூன்று நாள் போட்ட ஊசிக்கு எதுவும் அடங்கவில்லை. சீழைப் பரிசோதனைக்கு அனுப்பிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு மீனுக்கு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டார், பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதே வகை மருந்தைத்தான் இவருக்கும் போட்டிருந்தார்களாம், கிருமி அதற்குப் பழகிப்போய்விட்டதாம். வேறு மருந்துக்கு மாற்றிய பிறகு காய்ச்சல் இறங்கியது. விரல் தப்பியது, முழுதாக மடங்காது.

அந்த நாட்களில் குளங்களைப் பார்த்தது நானும் சித்தப்பாவும்தான். மீன்வள டாக்டரம்மா வந்து பார்த்துச் சொன்னபடி மருந்துத் தீவனத்தை நிறுத்தினேன். மற்ற இரண்டு குளத்திலும் மீனின் நெருக்கத்தைக் குறைத்து, தண்ணீர் மாற்றி, புரோபயாடிக் பொடியைத் தீவனத்தில் பிசைந்து போட்டோம். அதில் இருப்பது நல்ல கிருமியாம், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி மீனின் குடலில் முந்தி உட்கார்ந்துகொள்ளுமாம். நோய் வந்த மீனை அது காப்பாற்றாது, வராமல் தடுப்பதும் நிச்சயமில்லை என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். மூன்றாம் குளத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மற்ற இரண்டிலும் நோய் பரவவில்லை, பொடியாலா தண்ணீராலா எனக்குத் தெரியாது.

தன்னைக் கேட்காமல் செய்ததற்கு அப்பா சத்தம் போடுவார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் குளங்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்து, "நோய் வரக்கூடாதுன்னுதானே போட்டேன்" என்றார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுநாள் மிச்ச மருந்தையெல்லாம் டாக்டரம்மாவிடம் ஒப்படைக்கச் சொன்னார். அப்புறம் பக்கத்துப் பண்ணைக்காரர்களையும் தீவனக்கடைக்காரரையும் வரவழைத்து, துணிக்கட்டைப் பிரித்துக் கையைக் காட்டினார். தப்பு என்னுடையது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மறைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, லீவு போட்டு ஓடி வரவும் வேண்டாம். ஒன்று மட்டும் மறக்காதே. சளி பிடித்தால் அலமாரியில் மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்து விழுங்குகிறாயே, அதை விட்டுவிடு. அந்தப் பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருவரும் நிறைவாக இருக்க எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
அம்மா