ஒரு நாள் குறைகிறது

14.3.2006, செவ்வாய்

ஆபீஸில் எக்செல் தெரிந்த ஒரே மேதை நான் என்று நானே பரப்பிய வதந்தி, இன்று ஒருத்தியின் வேலைக்கு உலை வைத்துவிட்டது. 240 நாள் முடித்த தினக்கூலிகள் நிரந்தரம், மற்றவர்கள் வீட்டுக்கு. கடைசித் தேதியிலிருந்து முதல் தேதியைக் கழித்தேன். கூட்டிப் பெருக்கும் செல்விக்கு 239 வந்தது. பட்டியலை அனுப்பிவிட்டேன்.

"மொத நாளு வந்தனே சார், அத சேத்தீங்களா?" என்றாள்.

"கம்ப்யூட்டருக்கே கணக்கு சொல்லித் தர்றியாம்மா?" என்றேன். சிரித்துக்கொண்டே உழவர்கரை பஸ்ஸுக்குப் போனாள்.

அப்புறம்தான் இன்றைய தேதியிலிருந்து இன்றைய தேதியையே கழித்துப் பார்த்தேன். சைபர். ஒன்று கூட்டியிருக்க வேண்டும்.

சூப்பிரண்டிடம் ஓடினேன். "மேல கையெழுத்தாயிடுச்சிய்யா. நாளையிலேந்து வர வேணாம்னு நீயே சொல்லிடு."

காலையில் வந்ததும் அவள் முதலில் துடைப்பது என் மேசையைத்தான்.