சனிக்கிழமைப் பாஷை

இன்று காலை டி.வி. பழுது பார்க்க வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தார். பிசின் கருகும் அந்தப் புகை மூக்கில் ஏறியதும், சட்டென்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பேக்டரி பெஞ்சில் அது உன் இடம். நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் கழுத்து மறக்கவில்லை. "என்ன அத்தே?" என்றாள் மருமகள். ஒன்றுமில்லை என்றேன்.

எழுபதுகளில் அந்த அரசாங்கப் பேக்டரியில் ரேடியோ சர்க்யூட்டுகளுக்கு ஈயம் வைக்கும் வேலை நமக்கு. நீ போலாரத்தில் மூன்று தலைமுறையாக ஊறிய வடஆற்காட்டுக் குடும்பம். நான் கல்யாணமாகி, திருநெல்வேலியிலிருந்து அல்வாலில் வந்து விழுந்தவள். அந்த ஊர்த் தெலுங்கும் உருதுவும் தெரியாமல் பஸ்ஸில் விழித்துக்கொண்டு நின்றவளை, "கைக்குடி, ஏன்டி இவ்ளோ பயம்? எம் பக்கத்துல ஒக்காரு" என்று இழுத்து உட்காரவைத்தாய். பிறகு உன் வீட்டில் சனிக்கிழமைதோறும் நடந்த ஜெபக்கூட்டத்துக்கும் அப்படித்தான் இழுத்துப் போனாய்.

விசுவாசிக்குள் தேவன் வாசம்பண்ணுகிறார் என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே ஒப்பித்தவள் நான். அதற்கு ரசீது கேட்பார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. ஆவியானவர் உள்ளே வந்தால் வாயில் அந்நிய பாஷை வரும். வரவில்லையென்றால் அவர் இன்னும் வரவில்லை. உங்கள் போதகர் அதில் கறாராக இருந்தார்.

ஆவியானவருக்காக நடந்த அந்த மூன்று நாள் காத்திருப்புக் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் அந்தப் பாஷையைப் பெற்றுவிட்டார்கள். நான் ஒருத்திதான் பாக்கி. தலையில் போதகரின் கை. முழங்கால் மரத்துப்போய்விட்டது. பக்கத்தில் நீ விம்மிக்கொண்டிருந்தாய்: "ஆண்டவரே, இவள மட்டும் வுட்டுட்டுப் போவாதீங்க." உன் அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. நாக்கைச் சுழற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் உளறினேன். "அல்லேலூயா!" என்று வீடே அதிர்ந்தது. நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

அது பொய்.

அன்றைக்குப் பிடித்த பயம் ஒன்பது வருஷம் விடவில்லை. ஆவியானவருக்கு விரோதமான பாவத்துக்கு மன்னிப்பே இல்லை என்று வேதம் சொல்கிறது. அவர் பெயரில் நடிப்பதைவிட வேறு என்ன விரோதம் இருக்க முடியும்? சனிக்கிழமைதோறும் அதே நடிப்பு. போனவாரம் உளறியது மறந்துவிடுமோ, வேறுமாதிரி வந்தால் யாராவது கண்டுபிடிப்பார்களோ என்று ஈயம் வைக்கும்போதே முணுமுணுத்துப் பழகுவேன். நீ அதைப் பார்த்து, "எப்பவும் ஜெபத்துலயே இருக்கா" என்று மற்றவர்களிடம் பெருமை பேசுவாய். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருக்கும்.

கடைசியில் உனக்கு ஆபரேஷன் என்றார்கள். முந்தின நாள் காலை ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். "தமிழ்ல நானே ஜெபம் பண்ணிட்டேன்டி. நீ அந்தப் பாஷையில ஒரே ஒரு தடவ எனக்காகப் பண்ணு."

வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை. "அது பொய்ட்டி. எனக்கு வரவேயில்ல. அன்னைக்கு நீ அழுதேன்னு நடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

கையை உருவிக்கொண்டாய். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். ஆபரேஷனுக்குப் போகிறவளிடம் இதைச் சொன்னேனே, பாவி, என்று நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பாமலே கேட்டாய்.

"எத்தினி வருசம்?"

"ஒம்பது."

"நிம்மதியா சோறு எறங்குச்சா?"

"ஒருநாளும் இல்ல."

அப்போதுதான் திரும்பினாய். கண் சிவந்திருந்தது. "அப்போ உள்ள யாரும் இல்லேன்னு எப்பிடிடி சொல்ற? காலி வூடா இருந்தா, உள்ளேருந்து யாரு கதவத் தட்டுனது இத்தினி நாளா?"

நான் அழத் தொடங்கியதும், "நக்கோ, வேணாம், அழுவாத. எனக்கு இன்னும் கோவம் போவல, அது வேற கணக்கு. உங்க திருநெல்வேலித் தமிழ்லயே பண்ணு" என்றாய். பண்ணினேன். பாதியில் வார்த்தை கிடைக்காமல் நின்றுவிட்டேன். ஆமென் நீதான் சொன்னாய்.

மறுநாள் ஆபரேஷனுக்குப் பின் நீ கண் திறக்கவில்லை. உன் கோபம் தீர்ந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன்னை அடக்கம் பண்ணின அடுத்த சனிக்கிழமை, கூட்டத்தில் எழுந்து எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். போதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன்னோடு வருவதற்கு முன் போய்க்கொண்டிருந்த பழைய சபைக்கே திரும்பிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் கேள்வியை மட்டும் கொண்டுபோனேன். ஆனால் அது ஆறுதல் தருகிற அளவுக்குப் பயமும் காட்டுகிறது. தட்டுகிற சத்தம் ஒருநாள் நின்றுபோனால்?

நேற்று ஞாயிறு. முழங்கால் வலி என்று மருமகளிடம் சொல்லிவிட்டு ஆராதனைக்குப் போகவில்லை. வலியெல்லாம் இல்லை, சோம்பல். பதினொரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, மனசு உறுத்தவே இல்லை. பயந்துபோனேன். இவ்வளவு லேசாகப் பொய் சொல்லிவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேனே! மருமகள் வந்து தைலத்தை எடுத்துக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்து, வலிக்காத முழங்காலைத் தேய்க்கத் தொடங்கினாள். அப்போது உள்ளே, மெதுவாக, ஒரு குத்து.

"இருக்கீரா ஆண்டவரே" என்றேன், வாய்விட்டு. மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தி, உண்மையைச் சொன்னேன்.