நீங்கள் தேடிய தப்பான பதில்கள்

அக்கா,

இன்று பள்ளி ஆய்வுக்கூடத்தில் மிஸ், அகலமான பீக்கரில் இருந்த நீலக் கரைசலை ஒல்லியான அளவுக் குழாயில் ஊற்றினார். அது மளமளவென்று மேலே ஏறியது. எல்லோரும் அளவைக் குறித்துக்கொண்டார்கள். நான் உங்களை நினைத்துக்கொண்டு நோட்டைத் திறக்காமலே நின்றேன்.

கரோல் பாக்கில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறைக்கு நீங்கள் குடிவந்தபோது நான் ஏழாவது படித்தேன். டில்லியில் இரண்டு வருஷமாகக் குழந்தைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்துவருகிறவர், டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவர் என்று அப்பா சொன்னார். "ஊசி போடாத டாக்டரா? அப்ப யாருக்கு உபயோகம்?" என்று எதிர்வீட்டு மாமி சிரித்தாள்.

என் தங்கை சுமதிக்கு அப்போது ஐந்து வயது. அவளை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காரவைக்கலாமா என்று நர்சரி டீச்சர் கேட்டிருந்த சமயம். நீங்கள் அவள் முன்னால் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றுவீர்கள். பிறகு ஒன்றை மட்டும் ஒல்லித் தம்ளருக்கு மாற்றுவீர்கள்.

"இப்ப எதிலே தண்ணி ஜாஸ்தி?"

"இதிலே. இதுதான் உசரம்."

"அச்சா" என்பீர்கள், இந்தியில் 'அப்படியா' என்று. பதிலை எழுதிக்கொள்வீர்கள். எந்தக் குழந்தை என்ன சொன்னாலும் அதே "அச்சா".

"சரியா தப்பான்னு சொல்லவே மாட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டா அப்புறம் எனக்கு வேலையே இல்லையே" என்றீர்கள்.

தப்பைக் கேட்டுச் சந்தோஷப்படும் பெரியவர்களை நான் பார்த்ததில்லை. அன்றே சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய்கூட வேறு எதற்கோ என்று தோன்றியது. நீங்கள் கை கழுவப் போனபோது நோட்டைப் பார்த்தேன். சுமதியின் பெயர் இல்லை. அவள் பதிலுக்குப் பக்கத்தில் பதினொன்று என்ற எண், எதிரே 'முதல் நிலை'. மாமியின் பேரன் பதிலுக்கு 'இரண்டாம் நிலை'. அவன் ஒரு படி மேலே, இவள் மட்டம் என்று எழுதி நர்சரிக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்தேன்.

ஒரு வாரம் குளியலறையில் சுமதிக்குப் பாடம் நடத்தினேன். "எதிலே ஜாஸ்தி? ஜல்தி சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஏன்?"

"நீதானே சொன்னே."

"அதைச் சொல்லக் கூடாதுடி!"

உங்களிடம் அதையேதான் சொன்னாள். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். பிறகு பதினொன்றின் மேல் ஒரு கோடு இழுத்து, "இவளை இனிமே சேத்துக்க முடியாது, பரவாயில்லை" என்றீர்கள்.

கோடு இழுத்தால் பெயில் என்றுதான் எனக்குத் தெரியும். அம்மாவிடம் ஓடினேன். "சுமதிக்கு மூளை இல்லைன்னு எழுதி வெச்சிருக்கா, ஸ்கூல்ல குடுக்கப் போறா" என்றேன். அப்படி எந்த வரியையும் நான் பார்க்கவில்லை.

"அவ பட்டம் வாங்க எம் பொண்ணுதான் கெடச்சாளா?" என்றாள் அம்மா. இரண்டே நாளில் தெருவில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாம் உங்களுக்குக் கதவைச் சாத்திவிட்டன.

படிக்கட்டில் என்னை நிறுத்திச் சொன்னீர்கள். "எனக்குச் சரியான பதில் வேண்டாம்மா. அஞ்சு வயசுல எல்லாக் குழந்தையும் சுமதி முதல்ல சொன்ன மாதிரிதான் சொல்லும். யாரும் சொல்லிக் குடுக்காம அது எப்ப மாறுதுன்னு பாக்கணும். அதுக்கு இதே குழந்தைங்க ரெண்டு வருஷம் வேணும். அம்மாகிட்ட நீ சொல்றியா?"

சரி என்றேன். சொல்லவில்லை. இதுவும் ஒரு பரீட்சை, நான் என்ன செய்கிறேன் என்று குறித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் யமுனைக்கு அந்தப் பக்கம் இரண்டு பஸ் மாறிப் போய், வேறு குழந்தைகளோடு முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து திருச்சிக்குப் போனீர்கள். அங்கேயே காலமாகிவிட்டீர்கள்.

போன வாரம் உங்கள் அம்மாவிடமிருந்து ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. "நாலு வருஷம் அங்கே என்னதான் பண்ணினாள்? ஒன்றும் முடிக்கவில்லையாமே. உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டிருந்தார். மாமி எட்டிப் படித்துவிட்டு, "நான் அப்பவே சொல்லலை? நன்னா ஊர் சுத்தியிருக்கா" என்றாள்.

மாமி போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாவி, என்னையும் சேத்துன்னா பாவி ஆக்கிட்டே" என்றாள். "அவ அம்மாவுக்கு நீயே எழுது."

எழுதினேன். உங்கள் பெண் வேலையைப் பாதியில் விடவில்லை, நான் சொன்ன பொய்யால் நாங்கள்தான் கதவைச் சாத்தினோம் என்று எழுதினேன். அவர் நம்புவார் என்று தோன்றவில்லை. இத்தனை நாள் கழித்து ஒரு சின்னப் பெண் ஏன் இப்படி எழுதுகிறாள், யார் எழுதச் சொன்னார்கள் என்று யோசிப்பார். நானாக இருந்தால் அப்படித்தான் யோசிப்பேன். அந்தக் குணம் மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, அக்கா. அதனால்தான் மறுபடி படித்துப் பார்க்காமல், மனசு மாறுவதற்குள் உங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.