நாடி யாருடையது

நாள் 118 — 09:10
பதிவு: டாக்டர் மரகதவல்லி, ‘கயல்’ விண்கலம். நானும் விமானி லூர்துவும் நலம். மூன்று நாளில் பூமிக்கு இறங்குகிறோம். எடையில்லாத இடத்தில் ரத்தம் மேலே ஏறிக்கொள்கிறது. உடம்பு தண்ணீர் மிஞ்சிவிட்டதாக நினைத்துச் சிறுநீராக வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் இறங்குவதற்குச் சற்றுமுன் உப்புத் தண்ணீர் குடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் எடை திரும்பும்போது மயக்கம்தான். இன்று ஒத்திகை. லூர்து மணப்பாட்டுக் கடற்கரைக்காரர். ஒரு மிடறுக்கே முகம் கோணிவிட்டது. நல்ல கடற்கரைக்காரர்!

நாள் 119 — 14:25
காற்றுக் குடுவை வெடித்தது. லூர்துவின் தொடை கிழிந்துவிட்டது. ரத்தம் கீழே சொட்டாமல் உருண்டை உருண்டையாக மிதந்தது. இறுக்கிக் கட்டி நிறுத்திவிட்டேன். இருந்த சலைன் முழுவதையும் ஏற்றினேன், போதவில்லை. வெடித்ததில் பாராசூட்டின் தானியங்கி இணைப்பும் போயிற்று. இனி கையால்தான் இழுக்க வேண்டும். நாளைக்கே இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

16:40
இருவருக்கும் ஒரே ரத்த வகை. என் ரத்தம் ஒரு பை கொடுத்தேன். நாடி தேறவில்லை. தரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எழிலரசு:
“இதுக்கு மேல எடுக்காதீங்க டாக்டர். பாராசூட்ட நீங்கதான் இழுக்கணும். நீங்க மயங்கிட்டா ரெண்டு பேருமே இல்ல.”
பார்த்துக்கொண்டு சாகவிடவா? இரண்டாவது பையும் கொடுத்தேன். லூர்து கண் திறந்தார். அழுதுவிட்டேன். கையோடு உப்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

நாள் 120 — 06:15
முட்டாள் நான். ஊரில் ரத்தம் கொடுத்ததும் ஜூஸ் குடிக்கிற பழக்கம். அங்கே உடம்பில் தங்கும். இங்கே பெரும்பகுதி சிறுநீராகப் போய்விட்டது. உப்பு தீர்ந்துவிட்டது. வெறும் தண்ணீர் நிற்காது. லூர்துவின் நார்த்தங்காய் ஊறுகாயைக் கரைத்துக் குடித்தேன். வாந்தி. பயமாக இருக்கிறது.

09:50, குரல் பதிவு
இறங்குகிறோம். எடை திரும்புகிறது. பார்வையின் ஓரமெல்லாம் கறுத்து வருகிறது. பாராசூட் பிடியில் கயிறு கட்டி மறுமுனையை லூர்துவின் மணிக்கட்டில் சுற்றிவிட்டேன். இப்போது அவர் உடம்பில்தான் ரத்தம் இருக்கிறது.
“என்னை நம்பாதீங்க டாக்டர். நானே பாதி செத்தவன்.”
“மீதிப் பாதி நான் இருக்கேன், லூர்து. பச்சை விளக்கு வந்ததும் இழுங்க.”
இன்னும் வரவில்லை. கால் கனக்கிறது. லூர்து, தூங்கிடாதீங்க. பச்சை... பச்சை வந்த

10:07, குரல் பதிவு
லூர்து பேசுறேன். இழுத்துட்டேன். கடல்ல மிதக்குறோம். டாக்டர் கண்ணே தொறக்கல. அவங்க கையில ரெண்டு விரல வச்சுப் பாக்குறேன். துடிப்பு தெரியுது. ஆனா அது அவங்க கையில துடிக்குதா, என் விரல்லயே துடிக்குதான்னு தெரியல. சீக்கிரம் வாங்க.